எந்தக் கோடைங்க?

அவர் என்னோடு முதன்முதலில் பேசியதே ஒரு கேள்விதான். கடத்தூர் பால் குளிரூட்டும் நிலையத்தில் காலைப் பால் வண்டி கிளம்பிப் போயிருந்தது. கேன் கழுவிய தண்ணீர் காலைச் சுற்றி ஓட நின்றுகொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. ஒரு பெண் குரல்.

"சார், 'கோடை'ன்னு ஒரு ரூல் எழுதி அனுப்பியிருக்கீங்க. இது எந்தக் கோடைங்க?"

"கோடையில எத்தனை கோடைங்க இருக்குது? வெயில் காலந்தான்."

"வெயில் காலம்னா உங்களுக்கு எந்த மாசத்துல ஆரம்பிக்குதுங்க? மாசியா, பங்குனியா? கடத்தூருக்கும் மலையடிவாரத்துக்கும் ஒண்ணாவே ஆரம்பிக்குதுங்களா?"

பால் கம்பெனியிலேயே தலை நரைத்தவன் நான். மாடு எப்போது கறவை குறையும், பால் எப்போது தண்ணீராகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கோடை என்றைக்குத் தொடங்குகிறது என்று என்னை யாரும் கேட்டதில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அன்றைக்கு முழுக்க அதுவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

எங்களுடையது ஒரு தனியார் பால் கம்பெனி. கடத்தூரில் ஒரு நிலையம், அரூரில் ஒரு நிலையம். வருகிற பாலை எடுக்கலாமா, திருப்பலாமா, எடுத்தால் என்ன விலை என்பதை அதுவரை என்னைப் போன்றவர்கள் பார்த்து முடிவு செய்துகொண்டிருந்தோம். ஆள் பார்த்து எடுக்கிறார்கள் என்று புகார் கிளம்பியது. இனிமேல் கம்ப்யூட்டர் முடிவு செய்யட்டும் என்று நிர்வாகம் தீர்மானித்தது. எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம், இப்படி இருந்தால் இப்படிச் செய் என்று ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்துத் தர வேண்டும். அதுதான் ரூல். அந்த ரூல்களையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேன் வரும்போதும் எது பொருந்துகிறது என்று பார்த்துப் பச்சையோ சிவப்போ காட்டுகிற ஓர் எஞ்சினை அவர் செய்துகொண்டிருந்தார். வேலை கொடுத்தது பெங்களூரில் இருந்த ஒரு சின்ன கம்பெனி. அவர் இருந்தது பொம்மிடியில், அம்மா வீட்டில்.

பொம்மிடி என்பதை அவர் சொல்ல வேண்டியதே இருக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது போனுக்குள் ரயில் வந்துவிடும். ஒரு நிமிஷம் என்றோ அப்புறம் பேசறேன் என்றோ சொல்ல மாட்டார். பேச்சை அப்படியே நிறுத்திவிடுவார். சரக்கு வண்டி என்றால் நிறைய நேரம் ஆகும். நானும் காத்திருப்பேன். கடைசிப் பெட்டியும் போன பிறகு, விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். என் மனைவியும் மகளும் மகளுடைய படிப்புக்காகச் சேலத்தில் இருந்தார்கள். நான் நிலையத்துக்கு மேலே ஓர் அறையில் தனியாக இருந்தேன். ஒருவர் போனில் பேசாமல் இருக்க, அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது என்ற நிச்சயத்தோடு காத்திருப்பது எனக்குப் பிடித்துப்போயிருந்தது. இதை அவரிடம் சொன்னதில்லை.

அவரிடம் எதைச் சொன்னாலும் முதலில் வருவது ஒரு 'எந்த'தான். வண்டி லேட்டுங்க என்றால், எந்த வண்டிங்க? பெரியவர் சம்மதிச்சுட்டார் என்றால், எந்தப் பெரியவருங்க, எதுக்குச் சம்மதிச்சாருங்க? எங்கள் நிலையத்தில் கேன் இறக்குகிறவர்கள் அவருக்கு 'எந்தக்கா' என்று பேர் வைத்துவிட்டார்கள். என் போன் அடித்தால், "சார், எந்தக்கா கூப்புடுறாங்க" என்று குரல் கொடுப்பார்கள். மேனேஜருக்கு அவர் போனை எடுக்கவே பிடிக்காது. "ஒரு போன்ல முடியற வேலைய அந்தம்மா ஒரு நாள் வேலையா ஆக்கிடுது" என்பார்.

ஒருமுறை வண்டி டிரைவர் வேலைக்கு வரவில்லை. காலையில் அவனுக்குப் போன் போட்டுத் திட்டியிருந்தேன். அந்தக் கோபத்தில் அவரிடமும் சொன்னேன்.

"டிரைவர் வர்லீங்க. வூட்டுல அம்மா வந்திருக்காங்களாம். அம்மா வந்தா வேலைக்கு வரக் கூடாதுன்னு இருக்குதா?"

"எந்த அம்மாங்க?"

"எந்த அம்மான்னா? அவன் அம்மாதான்."

"கேட்டீங்களா? ஊருல இருந்து வந்த அம்மாவா, வேப்பில கட்டற அம்மாவான்னு?"

போனை வைத்துவிட்டு டிரைவரைக் கூப்பிட்டேன். வேப்பிலை கட்டுகிற அம்மாதான். அவன் குழந்தைக்கு உடம்பெல்லாம் கொப்புளம். நான் திட்டியதை அவன் மறுபேச்சு பேசாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அன்று சாயங்காலம் இளநீர் வாங்கிக்கொண்டு போய் அவன் வாசலோடு கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்படிச் சொன்னால் அவர் ஏதோ எல்லாரையும் குறுக்கு விசாரணை செய்கிறவர் என்று தோன்றும். அப்படி இல்லை. கேள்வியில் அதட்டல் இருக்காது. பதில் வரும்வரை அவருக்கு அடுத்த அடி எடுத்து வைக்க முடியாது, அவ்வளவுதான். ஆனால் அப்படிப்பட்டவரோடு நாள் முழுக்க யாரால் இருக்க முடியும் என்று எனக்கே சில சமயம் தோன்றியிருக்கிறது.

அந்த எஞ்சின் ஓட ஆரம்பித்த முதல் வருடக் கோடையில்தான் அது நடந்தது.

'கோடை' என்று நான் எழுதியிருந்த ரூல் மலையடிவாரத்து மாடுகளுக்கானது. சித்தேரி மலைக்குக் கீழே வெயில் ஏறினால் பசுந்தீவனம் போய்விடும். பால் கெட்டியாக இருக்காது. எங்கள் பாஷையில், டிகிரி நிற்காது. அது மாட்டின் குற்றமும் இல்லை, தண்ணீர் கலந்ததும் இல்லை. அந்த மாதங்களில் அந்த ரூட்டுப் பாலைத் திருப்பாதே, விலையைக் கொஞ்சம் குறைத்து எடுத்துக்கொள் என்று எழுதியிருந்தேன். அரூர் நிலையத்து அதிகாரி தன் பங்குக்கு ஒரு ரூல் எழுதினார். வெயிலில் பால் சீக்கிரம் கெட்டுவிடும், நேரம் தாண்டி வருகிற வண்டிப் பாலை எடுக்காதே என்று. அவரும் அதற்கு 'கோடை' என்றே பேர் வைத்தார். அவரைச் சொல்லி என்ன? வேறென்ன பேர் வைப்பார்? ரூல்களை நாங்களே திரையில் ஏற்றிக்கொள்ளலாம் என்று வசதி செய்து கொடுத்திருந்தார்கள். ஒரு மத்தியானம் அவர் தன் போனிலிருந்தே தன்னுடையதை ஏற்றினார்.

எஞ்சின் ரூல்களைப் பேரை வைத்துத்தான் அடுக்கிவைக்கும். ஏற்கெனவே ஒரு கோடை இருந்த இடத்தில் இன்னொரு கோடை வந்ததும், பழையதை எடுத்துப் போட்டுவிட்டுப் புதியதை வைத்துக்கொண்டது. ஒரு சத்தமும் போடவில்லை. திரையில் 'ஏற்றப்பட்டது' என்று மட்டும் வந்தது.

மறுநாள் காலையில் அடிவாரத்து வண்டி வந்தது. முதல் கேன் சிவப்பு. அடுத்ததும் சிவப்பு. டிகிரி போதவில்லை என்றது. வரிசையாக எல்லாமே சிவப்பு. அன்றைக்குக் கடத்தூரில் ஏதோ வேலை என்று அந்த வண்டியிலேயே வந்திருந்த ஓர் அம்மாள், தன் கேனைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

"எம் பாலுக்கு என்னங்க சாமி வந்துச்சு?"

"மெஷின் வேணாங்குதுங்க."

"நேத்து வேணும்னுச்சே. அதே மாடு, அதே தவுடு."

மேனேஜரைக் கூப்பிட்டேன். மெஷின் சொல்கிறபடி செய்யுங்கள், நாமே கை வைத்தால் பழையபடி புகார் வரும் என்றார். பொம்மிடிக்குப் போன் செய்தேன்.

"எல்லாம் செவப்புங்க மேடம்."

"எல்லாம்னா எந்த ரூட்டுங்க?"

"அடிவாரம் மட்டும். பால்கார அம்மா ஒருத்தங்க கேனோட இங்கயே நிக்கறாங்க."

கீபோர்ட் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அரூர்ல நேத்து யாராச்சும் ரூல் ஏத்துனாங்களா, கேட்டுச் சொல்லுங்க" என்றார். கேட்டுச் சொன்னேன். "வரேங்க" என்று வைத்துவிட்டார்.

போனில்தான் சரிசெய்வார் என்று நினைத்தேன். நேரில் வந்துவிட்டார். பஸ்ஸில் வந்த வேர்வையோடு, தோளில் லேப்டாப் பை, காலில் ரப்பர் செருப்பு. குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிட வயது குறைவு, நாற்பது இருக்காது. வந்தவர் கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை.

"அந்தப் பால் எந்த அம்மாவோடதுங்க?" என்று கேட்டார்.

காட்டினேன். அந்த அம்மாள் வேப்பமரத்தடியில் கேனை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குள் பால் திரிந்திருந்தது. இவர் போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"உங்க பால்ல குத்தம் இல்லீங்கம்மா. இங்க ரெண்டு ரூலுக்கு ஒரே பேரா வந்துடுச்சு. பின்னால வந்தது முன்னால இருந்தத தள்ளிடுச்சு. உங்களுக்காக எழுதி வெச்சது போயிடுச்சுங்க."

"அதுக்கு எம் பாலு என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணலீங்க."

"பேரு ஒண்ணா இருந்தா கேக்க மாட்டாங்களா, நீ எந்த வூட்டுப் புள்ளன்னு?"

"கேட்டிருக்கணுங்க. கேக்கற மாதிரி நான் செய்யல."

அந்த அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவதற்கு ஆள் கிடைத்தும் திட்ட முடியாத நிலை. கடைசியில் எழுந்து கேனைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, குழாயில் கழுவி எடுத்துக்கொண்டு போனார். திரும்பிய பாலுக்கெல்லாம் கம்பெனியிடம் பேசி விலை வாங்கிக் கொடுக்கும்வரை இவர் ஓயவில்லை. ஆனால் வெள்ளையாக ஓடிய அந்தச் சாக்கடையை அவர் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு மறக்கவில்லை.

அன்று மத்தியானம் என் மேஜையில் வைத்தே மேனேஜரோடு போனில் பேச்சு நடந்தது. மேனேஜருக்கு வழி சுலபமாகத் தெரிந்தது.

"பேர் ஒண்ணா வந்தா ரெண்டாவது பேருக்குப் பின்னால ரெண்டுன்னு போட்டுடுங்கம்மா. கோடை, கோடை இரண்டு. மெஷினே போட்டுக்கட்டும். முடிஞ்சுது."

"வேண்டாங்க சார். நிக்கட்டும்."

"எது நிக்கட்டும்?"

"எஞ்சின். ஒரே பேர்ல ரெண்டு இருந்தா ஏத்திக்காம நின்னுடட்டும். எழுதுனவங்கள கேக்கட்டும்."

"காலங்காத்தால வண்டி வாசல்ல நிக்கும்போது மெஷின் நின்னா உங்கள வந்து கேக்கறதா?"

"பால் வரும்போது நிக்காதுங்க. ரூல் ஏத்தும்போதே நிக்கும். பழசு பாட்டுக்கு ஓடிட்டு இருக்கும்."

"பேர மாத்தறது ஒரு பெரிய விசயமாம்மா?"

இங்கே அவர் நிறுத்தினார். ரயில் வந்ததுபோல நிறுத்தினார். கடத்தூரில் ரயில் ஏது?

"பேர மாத்தலாங்க சார். அத எழுதுனவங்க மாத்தணும். இன்னொருத்தர் மாத்திட்டு, உம் பேரு இனிமே இதுன்னு சொல்லக் கூடாது."

மேனேஜர் என்னவோ செய்யுங்கள் என்று வைத்துவிட்டார். அடுத்த வாரம் எஞ்சினில் அந்தச் சோதனை வந்துவிட்டது. திரையில் வர வேண்டிய வாசகத்தைத் தமிழில் எழுத என் உதவியைக் கேட்டார். 'பிழை' என்று தொடங்கலாம் என்றேன்.

"அந்தச் சொல் வேண்டாங்க. பின்னால வந்தவங்க மேல தப்பு இல்ல."

பேசிப் பேசிக் கடைசியில் வந்தது இது: 'இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ரூல் இருக்கிறது. அதை எழுதியவர் கடத்தூர். இப்போது எழுதுபவர் அரூர். இருவரும் பேசி முடிவு செய்யவும்.' அதன் பிறகு நானும் அரூர் அதிகாரியும் அடிக்கடி பேசிக்கொள்ள வேண்டியதாயிற்று. முன்பு எங்களுக்குள் அவ்வளவு பழக்கம் இல்லை.

அவர் சிரித்து நான் கேட்டது ஒரே ஒரு முறை. சோதனை வைத்துச் சில நாட்களில் அரூர் அதிகாரி இந்த முறை தன் பழைய கம்ப்யூட்டரிலிருந்து மறுபடியும் 'கோடை' என்று ஒன்றை ஏற்றிப் பார்த்தார். நிற்க வேண்டிய எஞ்சின் நிற்கவில்லை. ஏற்றிக்கொண்டது. திரையில் மேலே ஒரு கோடை, கீழே ஒரு கோடை. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. "அந்தம்மா வெச்ச காவல் தூங்குதே" என்று மேனேஜர் சிரித்தார். அதன் பிறகு பொம்மிடியிலிருந்து போனே வரவில்லை. எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. பிறகு ஒரு நாள் வந்தது. எடுத்ததுமே சிரிப்பு.

"கண்டுபுடிச்சுட்டேங்க. 'கோ'ன்ற எழுத்த ரெண்டு விதமா அடிக்கலாம். கொம்பும் காலும் சேந்த ஒரே குறியா நீங்க போன்ல அடிக்கறீங்க. அவரு அந்தப் பழைய கம்ப்யூட்டர்ல இரட்டைக் கொம்பத் தனியா, காலத் தனியா அடிக்கறாரு. பாத்தா ஒண்ணு. மெஷினுக்கு ரெண்டும் வேற வேற ஆளு."

"அப்ப மெஷின் சொன்னது சரிதானுங்களே?"

"மெஷினுக்குச் சரி. நமக்கு? கூப்புடறப்ப ரெண்டும் ஒரே பேருதானுங்களே."

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு முன்னால் எல்லாப் பேரையும் ஒரே விதமாக எழுதிக்கொள்ளும்படி மாற்றிவிட்டதாகச் சொன்னார். பேருக்குப் பின்னால் தெரியாமல் விழுகிற இடைவெளியையும் எடுத்துவிடுமாம். பேசிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு ரயில் வந்தபோதுகூட நிறுத்தவில்லை. சத்தத்துக்கு மேலே சத்தமாகப் பேசினார். எனக்குப் பாதி கேட்கவில்லை. அவர் சந்தோஷமாக இருந்தது மட்டும் கேட்டது.

அந்த மழைக்காலத்தில் நான் பொம்மிடிக்குப் போக வேண்டி வந்தது. பால் பரிசோதிக்கும் கருவியைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற பெட்டி ஒன்று பழுதாகிவிட்டது. அவர் பார்க்க வேண்டும் என்றார். ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள தெரு என்று மட்டும் சொல்லியிருந்தார். மெயிலில் வருகிற அவர் பெயரைச் சொல்லி மளிகைக் கடையில் கேட்டேன். அப்படி யாரும் இல்லை என்றார்கள். டீக்கடையிலும் தெரியவில்லை. கம்ப்யூட்டர் வேலை செய்யறவங்க, பெங்களூர்ல இருந்து வந்தவங்க என்று சொன்ன பிறகுதான், "ஓ, அந்தப் பொண்ணா" என்று வேறொரு பேரைச் சொல்லி வீட்டைக் காட்டினார்கள்.

அவருடைய அம்மா கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். தெருவில் சொன்ன அதே பேர். பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். உள்ளே கீபோர்ட் தட்டுகிற சத்தம் நிற்கவே இல்லை. மூன்றாம் முறை போய்த் தோளைத் தொட்டார். அப்போதுதான் அவர் எழுந்து வந்தார்.

காது மந்தமோ என்று நினைத்துவிட்டேன். போனில் நான் ஒரு மூச்சு விட்டால்கூடக் கேட்கிறவருக்கு எப்படி இருக்கும்?

அவர் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது அம்மா டீ கொண்டுவந்தார். பேச்சுக்கு ஏதாவது வேண்டும் என்று, மெயிலில் வேறு பேர் இருக்கிறதே என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை.

"அதுங்களா? அது கட்டிக் குடுத்த வூட்டுல வெச்ச பேருங்க" என்றார் அம்மா. "இவளுக்கும் இவ மாமியாருக்கும் ஒரே பேராப் போச்சு. புருசங்காரன் பெத்தவ பேரச் சொல்லிப் பொண்டாட்டியக் கூப்புட முடியுங்களா? கல்யாணத்தன்னிக்கே மாத்திட்டாங்க. அப்பறம் ஆதாரு, பேங்கு, எல்லாம் அந்தப் பேருலயே ஆயிடுச்சு."

"என்னையக் கேட்டாங்களாம்மா?" என்றார் அவர். பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கேக்காம என்ன. வந்து கேட்டாங்க. நான்தான் சரின்னேன்."

"என்னைய?"

அம்மா டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "ஆறிடுங்க, குடிங்க" என்றார்.

அதற்குப் பிறகு பெட்டியைப் பற்றி மட்டுமே பேசினோம்.

சில வாரம் கழித்து, ரூல் விஷயமாகப் பேசி முடித்த பிறகு, வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அன்னிக்கு அம்மா கூப்புட்டப்ப நான் திரும்பலைன்னு நீங்க பாத்தீங்கல்ல?"

"வேலையில இருந்தீங்க."

"இல்லீங்கண்ணா. அந்த வூட்டுல இருந்தவரைக்கும் அந்தப் பேர யாரு சொன்னாலும் அது எங்க மாமியாரத்தான். எனக்கில்லன்னு காது பழகிடுச்சு. இப்ப அம்மா கூப்புட்டாலும், அவங்களத்தான் கூப்புடறாங்கன்னு உக்காந்திருப்பேன். அவங்க செத்தே போயிட்டாங்க."

சார் போய் அண்ணா வந்திருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை. "அந்தம்மா போன பிறகு பழைய பேர வெச்சிருக்கலாமே?" என்றேன்.

"கேட்டேங்க. காரியம் முடிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சு அவருகிட்டக் கேட்டேன். இப்ப எப்பிடி முடியும், அந்தப் பேரச் சொன்னா எங்கம்மா ஞாபகம் வருமேன்னாரு. அவரு சொன்னதுலயும் தப்பு இல்லீங்க. அழுதுட்டுச் சொன்னாரு. பேருக்காகவா வூட்ட விட்டு வந்தன்னு அம்மா கேக்கறாங்க. அதுக்காக மட்டும் யாராச்சும் வருவாங்களா? ஆனா எத எதக் கேக்காம செஞ்சாங்கன்னு எண்ணிப் பாக்க ஆரம்பிச்சது அதுல இருந்துதான்."

"அந்த வூட்டுல வெச்ச பேருல கூப்புட்டா?"

"திரும்பிடறேங்க. அதுதான் கஷ்டமா இருக்குது."

எனக்கு அவரை மேடம் என்று கூப்பிட்டுப் பழக்கம். நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் கம்பெனி பிறகு கைமாறியது. வாங்கியவர்களிடம் அவர்களுடைய சாப்ட்வேர் இருந்தது. எங்கள் எஞ்சினை ஒரு நாள் மத்தியானம் நிறுத்தினார்கள். புதியதில் ரூல்கள் எங்கிருந்தோ வருகின்றன. எங்களை யாரும் கேட்பதில்லை. அரூர் அதிகாரி வேறு வேலைக்குப் போய்விட்டார். பொம்மிடியிலிருந்து போன் வருவது குறைந்து, பண்டிகைக்கு ஒரு செய்தி என்று ஆகி, பிறகு அதுவும் இல்லை. அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. போன வருடம் அந்தப் பக்கம் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. கோயமுத்தூர் என்றார் ஒருவர். இல்லை, பெங்களூருக்கே போய்விட்டார் என்றார் இன்னொருவர். அவர் எண்ணுக்கு அடித்தால் வேறு யாரோ கன்னடத்தில் பேசுகிறார்கள். அவருக்கும் எனக்கும் பொதுவாகத் தெரிந்தவர் என்று இப்போது இங்கே யாரும் இல்லை. இருந்தாலும் அவரை எந்தப் பேர் சொல்லி விசாரிப்பது? தெருவில் சொல்கிற பேருக்கும் மெயிலில் இருக்கிற பேருக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிற ஆளை எப்படித் தேடுவது?

கடைசியாக அவரைப் பார்த்தது அவருடைய அம்மா இறந்த அன்று. செய்தி அவரிடமிருந்தே வந்தது. 'அம்மா காலமாகிவிட்டார்' என்று ஒரே வரி. காலைப் பாலை ஏற்றி அனுப்பிவிட்டு பஸ் ஏறினேன்.

தெருவை அடைத்து ஷாமியானா போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் பாதிக்கு மேல் காலியாக இருந்தன. அவர் வாசல்படிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அழுத முகமாக இல்லை. வந்த பெண்கள் அவரைக் கட்டிக்கொண்டு, அந்தத் தெருப் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். அவர் தோள்களைக் கொடுத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும், "எந்த பஸ்ல வந்தீங்கண்ணா?" என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

பிளக்ஸ் அடிக்கிறவர் கையில் போனோடு வந்து நின்றார். கண்ணீர் அஞ்சலிப் பலகைக்கு அம்மாவின் படம் வாங்கிக்கொண்டார். யார் யார் பேர் போடுவது என்பதை இவருடைய சித்தப்பா சொல்லிக்கொண்டிருந்தார். பங்காளிகள், மாமன் மச்சான்கள், அவரவர் பட்டம், பதவி எல்லாம் சேர்த்து. சித்தப்பாவின் பேரனுடைய பேர்கூட வந்தது. கடைசியில் சித்தப்பா இவர் பக்கம் திரும்பினார்.

"உன் பேர எப்பிடிம்மா போடறது? நாம வெச்சதப் போடறதா, அவங்க வெச்சதா? ஆதார்ல இருக்கறதுதான் சரின்னு சொல்றாங்க. ஊருல அது ஒருத்தருக்கும் தெரியாது."

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவரை அப்படி ஒருவர் கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மகள்னு மட்டும் போடுங்க சித்தப்பா" என்றார்.

"பேரு இல்லாம எப்பிடிம்மா? பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

"ஒரே மகதானுங்களே. யாரு என்னன்னு குழப்பம் வராது."

சித்தப்பா அப்படியே போடச் சொல்லித் தலையசைத்தார். பிளக்ஸ்காரர் போனில் தட்டிக்கொண்டு போனார். உடலை எடுப்பதற்கு முன்பே பலகை வந்துவிட்டது. தெருமுனைக் கம்பத்தில் கட்டினார்கள். அம்மாவின் படத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் பேர்களும் பட்டங்களுமாக நெருக்கி நிறைந்திருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், தனி வரியில், மகள் என்று மட்டும் இருந்தது.

அவர் தெருமுனைவரை நடந்து வந்து அதைப் படித்தார்.

"சரியா இருக்குதுங்க" என்று கட்டியவர்களிடம் சொல்லிவிட்டு, திரும்பி நடந்து உள்ளே போய், அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார்.